கட்டுதலும் கட்டிக்கொள்ளுதலும்

சிலப்பதிகாரம் நடத்தத் தொடங்கும்போது மாணவிகளுக்கு முதலில் ஒரு வேலை கொடுப்பேன்: சிலம்பு எங்கெங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கணவன் மாதவி வீட்டில் இருக்கும் நாள்களில் கண்ணகியின் காலில் அது இல்லை. அவன் திரும்பி வந்ததும் அவளே எடுத்துக் கொடுக்கிறாள். இப்போது அது வணிகத்துக்கான முதல். மதுரையில் பொற்கொல்லன் கண்ணில் பட்டதும் திருட்டுப்பொருள் ஆகிறது. கடைசியில் பாண்டியன் அவையில் உடைந்து சாட்சி சொல்கிறது. இளங்கோ எங்கும் நிறுத்தி விளக்கம் தருவதில்லை. திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார், அவ்வளவுதான். யார் கையில் இருக்கிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்பதற்கேற்ப அது வேறு வேறு பேச்சுப் பேசுகிறது.

இன்னொன்றையும் அவர்கள் கவனித்துவிடுவார்கள். கண்ணகி தன் வழக்கைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். ஆனால் அரசனை வீழ்த்தியது உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம். பெண்ணின் சொல்லுக்கு ஒரு பொருள் ஜாமீன் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தோடு சினிமா பார்ப்பது சில சமயம் தொல்லை. 2017இல் வந்த ‘வொண்டர் வுமன்’ படத்தை நான் பார்த்தது அப்படித்தான். பேட்டி ஜென்கின்ஸ் என்ற பெண் இயக்கிய படம். உலகெங்கும் 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பெண்ணை நாயகியாக வைத்தால் சூப்பர்ஹீரோ படம் ஓடாது என்று சொல்லிக்கொண்டிருந்த வியாபாரிகளின் வாயை அது அடைத்தது பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தப் படத்தில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள் பல. ஸ்டீவ் ட்ரெவரின் அப்பா தந்த கைக்கடிகாரம், போரில் இறந்த அன்டியோப்பேயின் நெற்றிப்பட்டம், கடவுளைக் கொல்லும் என்று நம்பப்படும் வாள், 1918இல் எடுத்த ஒரு புகைப்படம். கடிகாரம் அழகாகவே கையாளப்பட்டிருக்கிறது. முதலில் கேலிக்குரிய பொருளாக வந்து, கடைசியில் மிச்சமில்லாத நேரத்தின் அடையாளமாக டயானாவின் கைக்கு வருகிறது. ஆனால் எனக்குள் உறுத்திக்கொண்டிருப்பது அவள் இடுப்பில் தொங்கும் பொன்கயிறு.

வீசிப் பிடிக்கும் சுருக்குக் கயிற்றுக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு. பாசக்கயிறு. எமன் கையில் இருப்பது. பாசம் என்றால் கட்டு. பாசம் என்றால் அன்பும்தான். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணித்திருப்பது பாசம். அம்மா பிள்ளைமேல் வைத்திருப்பதும் பாசம். இத்தனையையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மொழியில் வளர்ந்தவளுக்கு அந்தக் கயிறு வெறும் ஆயுதமாகத் தெரிவது கடினம். படத்தில் அது ஹெஸ்டியாவின் கயிறு. ஹெஸ்டியா கிரேக்கர்களின் அடுப்புத் தெய்வம். அதில் கட்டுண்டவர் பொய் சொல்ல முடியாது. முரண்டு பிடித்தால் கயிறு சுடும்.

முதல் காட்சியில் அது ஸ்டீவைச் சுற்றியிருக்கிறது. பெண்கள் மட்டுமே வாழும் தெமிஸ்கிராத் தீவில் விமானத்தோடு விழுந்த அமெரிக்க உளவாளி அவன். அவனைத் துரத்தி வந்த ஜெர்மன் வீரர்களோடு கடற்கரையில் சண்டை நடந்து, பெண்கள் செத்திருக்கிறார்கள். மண்டபத்தில் நிறுத்தி விசாரிக்கிறார்கள். பல்லைக் கடித்து அடக்கிப் பார்க்கிறான். முடியாமல் தான் உளவாளி என்பதைக் கொட்டிவிடுகிறான். ஆணைப் பெண்கள் கட்டிவைத்துக் கேள்வி கேட்கும் காட்சி என்பதால் அரங்கில் ஒரு குதூகலம். எனக்கும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? எத்தனை நூற்றாண்டுக் கணக்கு!

ஆனால் அந்தக் கயிற்றுக்கு ஒரு பிறப்பு வரலாறு உண்டு. 1941இல் வொண்டர் வுமனைப் படைத்த வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று சோதனை செய்தவர். அந்த ஆராய்ச்சியில் அவர் மனைவி எலிசபெத் ஹாலோவேயின் பங்கும் உண்டு. பெயர் வழக்கம்போல் கணவருக்குப் போயிற்று. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஜேம்ஸ் ஃப்ரை என்ற கறுப்பினத்தவரை மார்ஸ்டன் சோதித்து, அவர் சொல்வது உண்மை என்றார். 1923இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சோதனையைச் சான்றாக ஏற்க மறுத்தது. நீதிமன்றத்தில் எடுபடாத கருவி காமிக்ஸில் பொன்கயிறாக மறுபிறவி எடுத்தது என்று சொல்லத் தோன்றும். விஷயம் அதைவிடச் சிக்கலானது. ஆரம்பகால காமிக்ஸில் அந்தக் கயிற்றின் முதல் வேலை கட்டுண்டவரைக் கீழ்ப்படிய வைப்பது; உண்மை பேசவைப்பது அதில் ஒரு பகுதி. டயானாவின் கைகளிலுள்ள காப்புகளும் அமேசான் பெண்கள் ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்ததன் நினைவு. ஓர் ஆண் அந்தக் காப்புகளைச் சங்கிலியால் பிணைத்துவிட்டால் அவள் பலம் போய்விடும் என்று விதி வேறு. கட்டுவதும் கட்டுண்பதும் அவளோடு கூடப்பிறந்தவை.

கீழ்ப்படிய வைக்கும் கயிறுதான் உண்மை பேசவைக்கும் கயிறு என்றால், அதிலிருந்து வருவதை உண்மை என்று சொல்லலாமா?

இது காமிக்ஸ் கேள்வி மட்டுமல்ல. நம் நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவர்களை அவர்கள் விருப்பமின்றிப் பொய் கண்டறியும் கருவியிலும் நார்கோ சோதனையிலும் உட்படுத்துவது செல்லாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற அரசியலமைப்புப் பாதுகாப்பு அதன் அடிப்படை. சம்மதித்து வந்தால் வேறு. இழுத்து வந்து உட்காரவைத்தால் வேறு. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் உடலுக்குள் இரண்டு விரல் விட்டு அவள் ‘பழக்கப்பட்டவளா’ என்று பார்த்த சோதனையை அதே நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. நின்றபாடில்லை என்பதால் 2022இல், அதைச் செய்பவர் தவறிழைத்தவராகக் கருதப்படுவார் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்க, அவள் உடலிடம் கேட்டார்கள். அந்தக் கட்டிலில் படுத்த ஒருத்தியின் கையில் டயானாவின் கயிற்றைக் கொடுத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் கயிறு கை மாறினால் கயிற்றின் குணமும் மாறிவிடுமா?

இரண்டாம் முறை அது வரும் காட்சி ஒரு நிமிடம்கூட இருக்காது. லண்டனில் தளபதிகள் போர் நிறுத்தப் பேச்சைக் காரணம் காட்டி, விஷவாயுத் தொழிற்சாலையைத் தேடிப்போக ஸ்டீவுக்கு அனுமதி மறுக்கிறார்கள். அவன் அங்கே தலையாட்டிவிட்டு, வெளியே வந்து, போகத்தான் போகிறேன் என்கிறான். அப்படியானால் உள்ளே பொய் சொன்னாய். இப்போது சொல்வது மட்டும் பொய்யில்லை என்று எப்படி நம்புவது என்கிறாள் டயானா. அவன் கயிற்றை எடுத்துத் தன் கையில் தானே சுற்றிக்கொள்கிறான். உன்னைப் போர்முனைக்கு அழைத்துப் போகிறேன், அநேகமாகச் செத்துவிடுவோம், இது படுமோசமான யோசனை என்று வரிசையாகச் சொல்கிறான். மூன்றும் உண்மை.

இங்கே தமிழ் இலக்கணம் எனக்குக் கைகொடுக்கிறது. கட்டினாள், கட்டப்பட்டான், கட்டிக்கொண்டான். ‘கொள்’ என்னும் துணைவினை வந்ததும் செயல் செய்தவரிடமே திரும்பி வருகிறது. தீவில் கட்டப்பட்டவன் லண்டனில் கட்டிக்கொள்கிறான். கயிறு அதேதான், நெருப்பும் அதேதான். முதல் காட்சியில் கிடைத்தது தகவல். இரண்டாவதில் அவளுக்குக் கிடைத்தது அவன் வாக்கு. இதைச் சொன்னபோது ஒரு மாணவி சட்டென்று கேட்டாள்: “அப்படின்னா தாலி, மேடம்?” வகுப்பே சிரித்தது. அவன் தாலி கட்டுகிறான். இவள் கழுத்தை நீட்டுகிறாள். பிறகு ஊர், “அவனைக் கட்டிக்கிட்டா” என்கிறது. நீட்டிய கழுத்துக்கு இலக்கணம் எவ்வளவு தாராளமாக ஒரு ‘கொள்’ தந்துவிடுகிறது பாருங்கள். சம்மதம் வினைச்சொல்லில் இருக்கலாம், வீட்டில் இல்லாமல் போகலாம்.

படம் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிட்டு, உடனே மறந்தும் விடுகிறது. ஜெர்மன் தளபதிகளின் விருந்தில் விஷவாயு தயாரிக்கும் டாக்டர் மாருவிடம் ஸ்டீவ் போகிறான். முகத்தின் சிதைந்த பகுதியைத் தகடால் மறைத்திருக்கும் விஞ்ஞானி. அவளிடமிருந்து ரகசியத்தைக் கறக்க அவன் பயன்படுத்துவது மயக்குப் பேச்சு. நெருப்பருகே நின்று அவள் திறமையைப் புகழ்கிறான். அவள் மெல்ல இளகுகிறாள். அப்போது நீல உடையில் டயானா உள்ளே வர, அவன் கண் அங்கே போகிறது. மாரு அதைப் பார்த்துவிடுகிறாள். அந்த முகம் மூடிக்கொள்ளும் கணம் படத்தின் மிக நேர்மையான கணங்களில் ஒன்று. அன்பு என்று வீசப்படும் சுருக்கும் பாசக்கயிறுதானே. மாரு கொலைகாரி, ஆயிரக்கணக்கானவர்களைக் கொல்லத் தயாரானவள். ஆனாலும் அந்தச் சில நொடி நான் அவள் பக்கம் இருந்தேன். படமோ அந்தக் காட்சியை உளவுக்கலையின் தோல்வியாக மட்டும் எண்ணிக் கடந்துபோகிறது.

மூன்றாவதாகக் கயிறு போர்க்கடவுள் அரேஸைச் சுற்றுகிறது. வாள் நொறுங்கிவிட்டது. கடவுளைக் கொல்லும் ஆயுதம் வாள் அல்ல, நீதான். ஸியுஸுக்கும் உன் அம்மாவுக்கும் பிறந்த மகள் நீ என்கிறான் அரேஸ். நம்பாமல் கயிற்றை வீசி, உண்மையைச் சொல் என்கிறாள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறான் அவன். மனிதர்களுக்கு நான் யோசனை மட்டுமே தந்தேன், போரைச் செய்தவர்கள் அவர்கள்தான் என்பதும் அவன் சொல்லும் உண்மை. கயிறு சுடவில்லை. எதிரி பொய்யன் என்று காட்டுவதற்காக வீசியது, வீசியவளின் நம்பிக்கையைச் சுட்டுவிடுகிறது. இந்த இடத்தில் படம் தன் கருவியை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது.

ஒரு குறை சொல்லாமல் விட முடியாது. 1941இன் டயானாவுக்குத் தகப்பன் கிடையாது. ஹிப்போலிட்டா களிமண்ணில் பிசைந்து, தேவியரின் வரத்தால் உயிர்பெற்ற குழந்தை. படத்தில் அந்தக் களிமண் கதை தாய் சொன்ன பொய்யாகிறது. உண்மைக் கயிறு கையில் இருக்கும் நாயகிக்கு வெளிப்படும் பெரிய உண்மை அப்பாவின் பெயர்! பள்ளிக்கூட வருகைப்பதிவில் அவளுக்கும் ஓர் இனிஷியல் கிடைத்துவிட்டது.

2020இல் வந்த இரண்டாம் பாகம் படமாகச் சுமார். ஆனாலும் அதன் உச்சக்காட்சியில் கயிறு புதிய வேலை செய்கிறது. கேட்டவர்களின் ஆசையையெல்லாம் நிறைவேற்றி உலகைக் குலைக்கும் மேக்ஸ் லார்டின் காலில் டயானா கயிற்றைச் சுற்றுகிறாள். வாக்குமூலம் வாங்குவதற்காக அல்ல. அவன் ஒளிபரப்பின் வழியே உலகத்தோடு தான் பேசுவதற்காக. மன்றாடுகிறாள். கேட்பவர்கள் தங்கள் ஆசையைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள். பிடித்திருப்பவள் தன் உண்மையைச் சொல்லக் கயிறு பயன்படுவது இங்கேதான்.

அதே படத்தில்தான் செத்துப்போன ஸ்டீவ், டயானாவின் ஆசைப்படி, வேறொரு மனிதனின் உடலில் திரும்பி வருகிறான். அந்த மனிதனுக்கு வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. படம் அவனுக்கு ஒரு பெயர்கூடத் தரவில்லை. அவன் உடலோடு அவள் வாழ்கிறாள், படுக்கையைப் பகிர்கிறாள். யாரும் அவனைக் கேட்கவில்லை. முடிவில் பனி பெய்யும் ஒரு மாலையில் அவனைத் தற்செயலாகச் சந்திக்கிறாள். அவன் உடையை நன்றாக இருக்கிறது என்கிறாள். அவன் வெட்கத்தோடு நன்றி சொல்கிறான். சிரித்துப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவனிடம் அவள் எதையும் சொல்லவில்லை.