தவற்றைச் சொல்லும் அறம்

ஊர்ப்பொதுக் கிணற்றில் நீர் இறைப்போர் பலர். தூர் வாருவோர் சிலரே. அச்சிலர் ஓரிடத்தில் கூடினால் எதைப் பேசுதல் வேண்டும்? கிணற்றின் பெருமையையா? அதில் ஒருவர் வழுக்கி விழுந்த கதையையா?

அறிவியல் உலகிலும் இத்தகைய கிணறுகள் உண்டு. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்துணை நுண்ணிய அளவில் பொருள்களைச் செதுக்கும் கருவிகளைத் தனி ஆய்வாளர் விலை கொடுத்து வாங்குதல் அரிது. ஆதலின், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1977இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொது ஆய்வுக்கூடம் அமைய வழிவகுத்தது. 2015இல் 16 நிலையங்களைக் கொண்ட நாடளாவிய இணைப்பும் உருவாயிற்று. இத்தகைய கூடங்களை நடத்துவோர் சந்தித்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளக் கருத்தரங்குகளும் உள்ளன. பல்கலைக்கழகம், அரசு, தொழில்துறை ஆகிய மூன்றையும் பெயரிலேயே கொண்ட யூ.ஜி.ஐ.எம். கருத்தரங்கு அவற்றுள் ஒன்று.

இக்கூடங்களில் சிலிக்கான் தகட்டின் ஆக்சைடுப் படலத்தை அகற்ற ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பயன்படுகிறது. நீர்த்த நிலையில் அது தோலிற் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம்; வலி தோன்றச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் அது தசையை ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். உடனே நீரால் கழுவுதலும், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவுதலும், மருத்துவரை நாடுதலும் இன்றியமையாதவை.

ஒரு கூடத்தில், கையுறையின் ஊசித்துளை வழியே ஒரு மாணவனின் விரலில் அவ்வமிலம் பட்டதாகக் கொள்வோம். பொறுப்பாளர் அதனை மறைத்தால் கூடத்தின் நற்பெயர் நிலைக்கும். நிதிக்கும் இடையூறு நேராது. தம் நிறுவனத்திற்கு விசுவாசமாக இருத்தலும் ஓர் அறமன்றோ என அவர் வாதிடலாம். ஆயின், வேறோர் ஊரில் அதே வகைக் கையுறையை இன்னொரு மாணவன் அணிகிறான். அவனுக்கு அவர் பட்ட கடன் யாது?

பாதிக்கப்பட்டவன் பெயரை மறைக்கலாம். கூடத்தின் பெயரையும் மறைக்கலாம். நிகழ்ந்ததை மறைத்தல் ஆகாது. பிறர் துன்பத்தைத் தடுக்கவல்ல அறிவு ஒருவனுடைய தனிச்சொத்தாக இருத்தல் இயலாது.

கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. தவற்றை ஒப்புக்கொண்டவரை எள்ளி நகையாடும் அவை, அடுத்தவர் வாயை அடைத்துவிடுகிறது. சொல்பவர்க்குத் துணிவும் கேட்பவர்க்குப் பெருந்தன்மையும் வாய்த்த அவையே அறிஞர் அவை. ஏனையவை வெறும் கூட்டங்களே.