பாசி தங்கும் துணி

குளத்துநீரின் மேல் படர்வது, படித்துறைக் கல்லில் வழுக்குவது, கடலடிப் பாறையில் தழைப்பது ஆகிய அனைத்தையும் தமிழ் ‘பாசி’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது. வேர், தண்டு, இலை என்ற பிரிவின்றி, பச்சையத்தின் துணையால் ஒளியைக் கொண்டு தம் உணவை ஆக்கிக்கொள்ளும் எளிய உயிர்களையே அறிவியல் இப்பெயரால் குறிக்கிறது. சமயநூல்களில் பாசி பெற்ற இடமோ பெரும்பாலும் மறைப்பின் உவமையாகவே அமைந்தது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருள்நந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில், பாசி மூடிய குட்டத்தில் கல் விழும்போது அது விலகிப் பின் மீண்டும் கூடிவிடுவதைக் காட்டி, ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள் அருள்நினைவின்போது அகன்று, நினைவு தளர்ந்ததும் உயிரை மறுபடி மூடும் நிலையை விளக்குகிறார். மதுரையில் பழங்காநத்தத்தை அடுத்துள்ள மாடக்குளம் கண்மாய் போன்ற நீர்நிலைகளோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த உவமைக்கு உரை தேவைப்பட்டிராது.

எனினும், பாசியால் விளையும் நன்மைகள் தெரியவந்துள்ள இக்காலத்தில், மலம், அதாவது அழுக்கு, என்பது பொருளின் இயல்பா, பொருளுக்கும் அதை அணுகுபவருக்கும் இடையிலான உறவா என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு விடை தேட வேறு நூலை நாட வேண்டியதில்லை. உடலும் கருவிகளும் மாயையின் ஆக்கம் என்றால், மலமாகிய அவற்றைக் கொண்டே இறைவன் மலத்தை நீக்குவது எவ்வாறு என்ற வினாவுக்கு, வண்ணான் சாணியையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றி அதன் அழுக்கைப் போக்குவதையே சித்தியார் சான்றாகத் தருகிறது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஆக்சிஜனேற்றக் குட்டைகளின் செயல்முறை இந்த வாதத்துக்கு வியக்கத்தக்க அளவில் நெருங்கி வருகிறது. அங்கே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கு உயிர்வளி தேவைப்படுகிறது. அதைப் பகலில் ஒளிச்சேர்க்கையால் வழங்குவது பாசியே, அப்பாசிக்கு உரமாவதும் அக்கழிவே.

மதுரையின் தொழில் வரலாற்றில் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மண்டபம், இராமேசுவரம் கரைகளில் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் நெடுங்காலமாக மதுரைப் பகுதியின் ஆலைகளுக்கு வந்து, கழுவி, வெளுத்து, கொதிக்கவைத்து, உறையவைக்கப்பட்டு அகர் என்னும் கூழ்ப்பொருளாகின்றன. நோன்புக்கால வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யப்படும் ‘கடல்பாசி’ இதுவே. ஆனால் அகர் உலகப் புகழ் பெற்றது இனிப்பால் அன்று. 1880-களின் தொடக்கத்தில் இராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் நுண்ணுயிர்களை வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டின், உடல்வெப்ப அளவிலேயே உருகிக் கெட்டது; அங்கு பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபான்னி ஹெஸ்ஸே, சமையலறையில் தாம் அறிந்திருந்த அகரைப் பரிந்துரைத்தார். அது உறைந்தபின் சுமார் 85 பாகை செல்சியசு வரை உருகுவதில்லை, பெரும்பாலான பாக்டீரியாக்களால் செரிக்கப்படுவதும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத நோய்க்கிருமிகளைத் தனித்தனிப் புள்ளிகளாகக் கண்முன் நிறுத்தியது, நீரை மறைப்பதாகப் பழிக்கப்பட்ட பாசியினத்தின் சாறுதான். மறைப்பதும் அருளின் தொழிலே எனக் கொண்டு, மலங்களை உயிரின் நன்மைக்காகவே செலுத்தும் ஆற்றலுக்குத் ‘திரோதான சத்தி’, அதாவது மறைப்பாற்றல், என்று பெயரிட்ட சைவ சித்தாந்திகளுக்கு இதில் வியப்பு இருந்திராது.

ஆயினும், பயன்படுவதால் ஒரு பொருள் மேன்மையுறுகிறது என்று இத்தோடு முடித்துவிட்டால், மதுரையின் மற்றொரு பழைய குரலைக் கேளாமல் விட்டதாகும். பழங்காநத்தத்துக்கு மேற்கே, கீழக்குயில்குடியின் சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்துச் சுனையருகே பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அக்குரலின் எச்சங்கள். சமணம் பாசியை உவமையாக நோக்கவில்லை, உயிராக எண்ணியது. தொடுபுலன் மட்டுமே உடைய ஓரறிவுயிர்களுள், ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் கூடி வாழும் ‘பொதுவுடல்’ தாவர வகையில் பாசியைச் சேர்த்து, கிழங்குகளை விலக்குவதுபோல் அதையும் விலக்கியது. மனிதருக்கு என்ன பயன் என்ற வினா அங்கே நுழைவதே இல்லை. சைவமும் சமணமும் வாதிட்ட நகரில் வாதுகளின் கதைகள் அளவுக்கு மிஞ்சிப் பேசப்பட்டு, இத்தகைய நுட்பமான வேறுபாடுகள் பேசப்படாமல் போயின.

இவ்விரு நோக்குகளும் இன்று சந்திக்கும் இடம் சுருள்பாசி. உலர்ந்த எடையில் 60 விழுக்காடு அளவுக்குப் புரதம் கொண்ட இதனைச் சத்துக்குறைந்த குழந்தைகளின் உணவாக்கும் முயற்சியில் சென்னையின் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையம் முன்னோடியாக இருந்தது. இதைப் பாசி என்பதும் பழக்கத்தால்தான். உட்கரு இல்லாத இவ்வுயிர் உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. ஓரறிவுயிர் ஒன்றை ஆறறிவுயிரின் குழந்தைக்கு ஊட்டுவதைத் துறவியின் அறம் ஏற்காது. ஆனால் உயிர்களை வரிசைப்படுத்தி, இயன்றவரை குறைந்த அறிவுடையதையே உணவாகக் கொள்ளுமாறு இல்லறத்தாருக்கு இடம் தந்ததும் அதே சமணமே என்பதால், முரண்பாடு தோன்றும் அளவுக்கு ஆழமானதன்று.

வேறுபாடு கருவியில் இல்லை என்பதும் கருதத்தக்கது. சமணர் நீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே திரும்ப விடுவர். சுருள்பாசி வளர்ப்பவர்களும் தொட்டிநீரைத் துணியில்தான் வடிக்கிறார்கள். துணியில் தங்கியதைப் பிழிந்து வெயிலில் உலர்த்திவிட்டு, வடிந்த நீரை மீண்டும் தொட்டியில் ஊற்றுகிறார்கள்.