பலவீனத்தின் கணக்கு

கோல்ஃபில் ஹாண்டிகாப் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 72 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தை ஒருவன் வழக்கமாக 90 அடிகளில் முடிக்கிறவன் என்றால் அவனுக்குச் சுமாராக 18 அடிகள் தள்ளுபடி. இதனால் தேர்ந்தவனும் கற்றுக்குட்டியும் ஒரே போட்டியில் நிற்க முடிகிறது. மற்ற ஆட்டங்களில் பலவீனத்தை மறைத்து வைக்கிறார்கள். இங்கே அதை எண்ணாக்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஆதாரமும் அவன் கொடுக்கும் கணக்குத்தான். புதருக்குள் பந்து கிடக்கும் இடத்துக்கு நடுவர் யாரும் கூட வருவதில்லை. சக ஆட்டக்காரன் ஒருவன் கார்டில் கையெழுத்துப் போடுவான். ஆனால் அந்தச் சமயத்தில் அவன் தன் பந்தைத் தேடிக்கொண்டு வேறு பக்கம் போயிருப்பான். ஆகவே ஹாண்டிகாப் என்பது ஒரு வாக்குமூலம். ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தானே தருவது.

கம்பெனிகள் தங்களுக்குள் நடத்தும் அமெச்சூர் கோல்ஃப் போட்டிகளில் இந்த வாக்குமூலத்துக்கு என்ன நேர்கிறது என்பதுதான் என் பிரச்னை. ஒரு கம்பெனிக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கர், இன்ஜினீயர், விற்பனை மானேஜர், சில சமயம் டைரக்டரே. யாருக்கும் இது பிழைப்பு இல்லை. சட்டையில் கம்பெனியின் சின்னம். ஒவ்வொரு குழியிலும் நால்வரில் சிறப்பாக ஆடிய இருவரின் புள்ளிகளை மட்டும் சேர்த்துக்கொள்வது பழக்கமான ஒரு முறை. மற்ற இருவரின் தடுமாற்றம் கணக்கிலேயே வராது. ஸ்க்ராம்பிள் என்ற முறையில் நால்வரும் அடித்துவிட்டு, எந்தப் பந்து நன்றாக விழுந்ததோ அந்த இடத்திலிருந்து நால்வரும் மறுபடி அடிக்கிறார்கள். கடைசியில் கார்டில் நிற்கும் அறுபது சொச்சம் அடிகளில் எது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. ஹாண்டிகாப் மட்டும் தனித்தனியாகக் கேட்கப்படுகிறது. நால்வரில் மிகக் குறைந்த ஹாண்டிகாப் உள்ளவனுடையதில் 25 சதவீதம், அடுத்தவனுடையதில் 20, பிறகு 15, 10 என்று கூட்டிக்கொள்வது சிபாரிசு செய்யப்பட்ட கணக்கு. ஆட்டம் கூட்டாகிவிட்டது. வாக்குமூலம் மட்டும் தனி ஆளிடம் நிற்கிறது, அதன் லாபம் அவனுக்கில்லை.

லாபம் தனக்கில்லை என்கிறபோது மனசாட்சி எவ்வளவு லேசாகிவிடுகிறது என்பது ஸ்தாபனங்களில் வேலை பார்க்கும் நமக்குத் தெரியாததில்லை. தன் பெயரில் பத்து ரூபாய்க்குப் பொய்க்கணக்கு எழுதக் கூசுகிறவன் கம்பெனியின் பெயரில் எழுதக் கூசமாட்டான். அதற்கு விசுவாசம் என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது.

ஹாண்டிகாப்பை உயர்த்திக்கொள்ள நினைக்கிறவனுக்கு ஆங்கிலத்தில் ஸாண்ட்பாக்கர் என்று பெயர். அவன் பொய் எண் எதையும் எழுத வேண்டியதில்லை. பதிவாகும் ஆட்டங்களில் மூன்றடி தூரத்துப் பந்தைக் குழிக்குப் பக்கவாட்டில் தட்டிவிட்டு, கூடிப்போன அடியை ஒழுங்காக எழுதிவிடுகிறான். 2020இல் அமலுக்கு வந்த உலக ஹாண்டிகாப் முறை கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ன் சராசரியை எடுக்கிறது. அந்த 8 அப்படியே இருக்கும் வரை மற்ற 12ஐ எப்படிச் சொதப்பினாலும் எண் அசையாது. ஆகவே அவன் கெடுக்க வேண்டியது தனக்கு நன்றாக ஆட வரும் நாட்களை. கை பழகி, காற்றும் தோதாக இருக்கும் ஒரு காலையில், தன் சந்தோஷத்தைத் தானே பக்கவாட்டில் தட்டிவிட வேண்டும். ஒருவன் தன் ஹாண்டிகாப்பை மிஞ்சி 7 அடி நன்றாக ஆடிவிட்டால் எண்ணில் 1 குறைக்கவும், 10 என்றால் 2 குறைக்கவும் விதி இருக்கிறது. ஆனால் ஸ்க்ராம்பிளில் ஆடியது யாருடைய ஹாண்டிகாப் கணக்கிலும் ஏறாது. கோப்பை ஆபீஸ் வரவேற்பறைக்குப் போய்விடும்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? காண்ட் தன் அறவியல் வகுப்புகளில் ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார். நான் பெட்டியைக் கட்டி வைக்கிறேன். பார்க்கிறவர்கள் நான் ஊருக்குப் போகிறேன் என்று நினைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் நான் பொய் சொன்னவனாக மாட்டேன், ஏனென்றால் என் உத்தேசத்தை அறிவிக்கும்படி கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. பந்தைத் தவறவிடுகிறவனும் பெட்டிதான் கட்டுகிறான். ஆனால் அவன் கையெழுத்திட்டுத் தரும் ஒவ்வொரு கார்டும் ஓர் அறிவிப்பு. அதைக் கேட்க மற்றவர்களுக்கு உரிமை இருக்கிறது. காண்ட்டின் சலுகை இவனுக்குக் கிடைக்காது. கார்டில் உள்ள எண்கள் எல்லாம் மெய், கார்டு பொய்.

கடைசிவரை அமெச்சூராகவே ஆடிய பாபி ஜோன்ஸ், 1925இல் வொர்ஸ்டரில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில், தான் அடிக்கத் தயாரானபோது பந்து அசைந்துவிட்டது என்று தானே சொல்லி ஓர் அடி தண்டம் ஏற்றுக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. முடிவில் வில்லி மக்ஃபார்லேனுடன் சமநிலை. மறு ஆட்டத்தில் தோற்றார். பாராட்ட வந்தவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவனைப் பாராட்டுவீர்களா என்கிற பொருளில் அவர் பதில் சொன்னதாக வழங்குகிறது. வங்கியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகப் படுகிறது. பெட்டக அறையின் இரண்டு சாவிகளும் இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் எழுதிய வவுச்சரை இன்னொருவர் பார்த்தால்தான் செல்லும். வங்கி எங்கள் நேர்மையை நம்பியிருக்கவில்லை; அது தேவைப்படாதபடி ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. வாரம் முழுவதும் இப்படி இரட்டைச் சாவிக்குள் வாழ்கிறவனை, பூட்டே இல்லாத ஒரு புல்வெளியில், கம்பெனிச் சட்டையோடு ஒரு நாள் கொண்டு நிறுத்தினால் அவன் எதை வைத்து ஜோன்ஸாக முடியும்?

ஜப்பானில் இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. ஸெத்தாய் கோல்ஃப் என்பது வாடிக்கையாளரை உபசரிப்பதற்காக ஆடுவது. விருந்தாளியை ஜெயிக்க விடுவது அங்கே மரியாதை. அதே மூன்றடிப் பந்து, அதே பக்கவாட்டுத் தட்டல், அதே ஒழுங்கான கணக்கு. விருந்தாளியின் பந்து குழிக்கு நாலடி தள்ளி நின்றால், போதும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்தும் விடலாம். அடிக்காத அடி அடித்ததாகிவிடும். மோசடியைவிட இந்த மரியாதைதான் மோசமானது என்று நான் நினைக்கிறேன். ஸாண்ட்பாக்கர் எதிராளியிடமிருந்து ஒரு கோப்பையைப் பறிக்கிறான். எதிராளியின் எண் அவனிடமே பத்திரமாக இருக்கிறது. உபசரிக்கிறவன் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டு போகிறான். தன் திறமை இவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்கு இனி இல்லை.

நம் பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகளில் பாதி ஸெத்தாய்தான். நண்பனின் கவிதைத் தொகுதி குழிக்கு நாலடி தள்ளி நிற்கும்போதே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறோம். அவனும் எடுத்துக்கொள்கிறான். அடுத்த தொகுதியிலும் பந்து அங்கேயேதான் நிற்கிறது.

விமர்சகர்களுக்கு உறைக்காத இது ஜப்பானிய அரசாங்கத்துக்கு உறைத்திருக்கிறது. 1999இல் அரசு ஊழியர் நெறிமுறைச் சட்டம் வந்தது, 2000இலிருந்து அதன் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. தன் பதவியால் ஆதாயம் பெறக்கூடியவர்களோடு சேர்ந்து ஊழியர் கோல்ஃப் ஆடக் கூடாது என்று ஆட்டத்தின் பெயரைச் சொல்லியே விதி தடுக்கிறது. தன் செலவைத் தானே கொடுத்தாலும் கூடாது. சாப்பாட்டுக்கு இந்தக் கண்டிப்பு இல்லை. தன் பங்கைக் கொடுத்துவிட்டு அதே ஆளோடு உட்கார்ந்து சாப்பிடலாம், 10,000 யென்னைத் தாண்டுமானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். சாப்பாட்டு பில்லைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்த நாலடியை எப்படிப் பங்கு போடுவது? இந்த விதி கட்டுப்படுத்துவது அரசு ஊழியரை மட்டுமே. இரண்டு தனியார் கம்பெனிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் மைதானத்துக்கு அது வருவதில்லை.