கண்டதைக் கைவிடுதல்

பொய் கூறாதிருத்தல் வாய்மையின் முதற்படி. அதனினும் கடினமான படி ஒன்று உண்டு. உண்மை என்று நம்பி ஒருவர் ஊரறியச் சொல்லிவிட்டார். பின்னர் அது உண்மையன்று என்பது தெரியவருகிறது. அப்போது அவர் செய்ய வேண்டியது என்ன? விடை எல்லோருக்கும் தெரியும், செய்வதுதான் அரிது. விண்ணியலில் இரட்டை விண்மீன்கள் இதற்கு ஓர் உரைகல்லாக அமைந்துள்ளன.

ஒன்றையொன்று சுற்றிவரும் இரு கதிரவன்களே இரட்டை விண்மீன். 70 ஒஃபியூக்கி என்பது அத்தகையது. அவ்விரண்டும் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடத்திய வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் ஜேக்கப், அவை கணக்கிட்ட பாதையிலிருந்து சற்றே பிறழ்வதைக் கவனித்தார். கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று அங்கிருந்து இழுப்பது பெரிதும் சாத்தியம் என்று 1855-இல் எழுதினார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்கரான தாமஸ் சீ என்பவர், 36 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் ஒளியற்ற துணை ஒன்று அங்கே உண்டு என்றே சாதித்தார். அத்தகைய பொருள் அங்கு நிலைத்திருக்க இயலாது என்று 1899-இல் மோல்டன் என்ற இளைஞர் கணக்கிட்டுக் காட்டினார். சீ கொதித்தெழுந்தார். அவர் அனுப்பிய மறுப்பின் கடுமையைக் கண்டு விண்ணியல் இதழ் அதை முழுமையாக வெளியிடவில்லை. அதன் பக்கங்களும் அவருக்கு மூடப்பட்டன. இளைஞர் மறுத்தது ஒரு கணக்கை. சீயின் செவியில் விழுந்ததோ தம்மையே மறுக்கும் குரல். 'நான் கண்டது' என்பதில் 'கண்டது' தேய்ந்து 'நான்' மட்டும் எஞ்சும்போது இப்படித்தான் ஆகிறது.

ஆனால் ஜேக்கப்பை உயர்த்திச் சீயைத் தாழ்த்துவது நியாயமாகாது. ஜேக்கப் 1862-இல் புணேயில் காலமானார். கண்டதைக் கைவிட வேண்டிய சோதனை அவருக்கு நேரவேயில்லை. அது நேர்ந்தவர்களை அண்மைக் காலத்தில் காணலாம்.

நமக்கு மிக அருகிலுள்ள இரட்டை விண்மீன் ஆல்ஃபா சென்டாரி. அதன் இரண்டாம் விண்மீனைப் பூமியை ஒத்த நிறையுள்ள கோள் ஒன்று 3.2 நாட்களில் சுற்றுவதாக 2012-இல் சேவியர் துமுஸ்க் குழுவினர் அறிவித்தனர். நான்காண்டு உழைப்பு, 459 அளவீடுகள். விண்மீன் அசைந்த வேகம் நொடிக்கு அரை மீட்டர், அதாவது தவழும் குழந்தையின் வேகம். உலகமே கொண்டாடியது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராஜ்பாலும் உடன் ஆய்வாளர்களும், கோளே இல்லாத கற்பனை விண்மீன் ஒன்றைக் கணினியில் அமைத்து, அதே இரவுகளில் மட்டும் அதை 'நோக்கினர்'. அதே 3.2 நாள் குறி தோன்றியது! நோக்காது விட்ட இரவுகளின் இடைவெளிகளே ஒரு கோளின் சாயலை உண்டாக்கியிருந்தன. துமுஸ்க் சினங்கொள்ளவில்லை. இது நல்ல ஆய்வு, அந்தக் கோள் பெரும்பாலும் அங்கே இல்லை என்று வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார். தம் பெயரோடு உலகெங்கும் பேசப்பட்ட ஒன்றை ஒருவர் இவ்வளவு எளிதாக இறக்கிவைத்ததைத் துறவு என்று சொன்னால் மிகையாகாது. காவி உடுத்தவர்க்கும் கைகூடாத துறவு உண்டல்லவா?

அதே ஆல்ஃபா சென்டாரியின் முதல் விண்மீனருகே, சனியை ஒத்த நிறையுள்ள கோளாக இருக்கலாம் என்று கருதத்தக்க ஒளிப்புள்ளி ஒன்றை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024 ஆகஸ்டில் கண்டது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மீண்டும் நோக்கியபோது அங்கே எதுவும் தென்படவில்லை. சாத்தியமான பாதைகளுள் ஏறத்தாழப் பாதியில், அம்மாதங்களில் அது விண்மீனுக்கு மிக நெருங்கி மறைந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். முதலில் கண்டதையும் பின்னர் காணாததையும் ஒருசேர 2025 ஆகஸ்டில் வெளியிட்டனர். கோள் என்று அறிவிக்கவில்லை. கோளாக இருக்கக்கூடியது என்று மட்டுமே எழுதினர்.