பொறியும் பொறுப்பும்

மொழியில் பழஞ்சொல் மறைந்து புதுச்சொல் வழங்குவதைக் குற்றமெனக் கொள்ளலாகாது என்று நன்னூலார் விதி வகுத்தார். சொல்லுக்குப் பொருந்தும் அவ்விதி பொறிக்கும் பொருந்துமா? புதுச்சொல் தானாகவே மக்கள் நாவில் ஏறுகிறது. அதற்கு விலை கொடுப்பார் எவருமில்லை. பொறியின் கதை வேறு. ஒருவர் விலை கொடுத்து வாங்குகிறார், இன்னொருவர் இயக்குகிறார், மூன்றாமவர் அதன் புகையை உட்கொள்கிறார். வாங்குபவரின் விருப்பம் மற்றிருவரின் விதியாகிவிடும்போது, புதியதை ஏற்பதும் மறுப்பதும் வெறும் வாணிபக் காரியமாக நின்றுவிடுவதில்லை. அங்கே அறத்தின் கேள்வி பிறந்துவிடுகிறது.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவிரவாக ஓடிவரும் சரக்கு லொறிகளே நமது கடைத்தெருக்களை நிரப்புகின்றன. புங்குடுதீவிலும் வேலணையிலும் நயினாதீவிலும் பிறந்து, தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்து, 1958 இலும் 1977 இலும் 1983 இலும் அவற்றை எரியக் கொடுத்த வணிகரின் வரலாறும் இந்தச் சரக்குப் போக்குவரத்தோடு பிணைந்ததே. அந்த லொறிக்கு இன்று உலகச் சந்தையில் எத்தனையோ புதுமைகள் காத்திருக்கின்றன: வண்டி நிற்கும் இடத்தை நொடிதோறும் அறிவிக்கும் கருவி, எரிபொருளைத் துளித்துளியாக அளக்கும் உணரி, சாரதியின் இமை சோர்வதைக் கண்டு ஒலியெழுப்பும் கமெரா, மோதுவதற்கு முன் தானே பிரேக்கை அழுத்தும் அமைப்பு, புகையைக் கழுவும் சாதனம், மின்கலத்தால் ஓடும் எஞ்சின். இவற்றை விற்பவர்களும் அவர்களை அடியொற்றும் நிபுணர்களும் ஒரு குறை கூறுவர். லொறிச் சொந்தக்காரர் பழமையில் ஊறியவராம். புதியதைக் கண்டு அஞ்சுகிறவராம்.

இக்குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டின்மேற் பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போது ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடும் வித்தையை எந்த நிபுணரும் வந்து கற்பிக்கவில்லை. 2022 இல் எரிபொருட் பஞ்சம் வந்து, கியூ.ஆர். அட்டை இன்றி டீசல் இல்லை என்றானபோது, கைத்தொலைபேசியைச் சரிவரப் பிடிக்கத் தெரியாதவரும் சில கிழமைகளில் அம்முறைக்குப் பழகிக்கொண்டார். புதுமையை ஏற்கும் அறிவு நம்மவரிடம் இல்லாமற் போகவில்லை. (மண்ணெண்ணெய்க் காலத்தைப் பொற்காலமாகப் பாடுவோர் சிலர் உளர். அந்தப் புகையின் நாற்றத்தையும் கண்ணெரிவையும் அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்.)

அவ்வாறாயின் தயக்கம் எங்கிருந்து வருகிறது? கணக்குப் புத்தகத்திலிருந்து. எரிபொருளை மிச்சப்படுத்தும் கருவியின் பயன் சொந்தக்காரரின் வரவுப் பக்கத்தில் உடனே விழுகிறது. சாரதியின் உயிரையும் தெருவில் நடப்போரின் உயிரையும் காக்கும் கருவியின் பயனுக்கு அப்புத்தகத்தில் இடமில்லை. வீதியோரத்துக் குழந்தையின் நுரையீரலுக்கு ஒரு வரியேனும் கிடையாது. இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய குணமன்று. அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டு புகைக் கட்டுப்பாடு கடுமையாகவிருந்தது. அங்குள்ள பெரிய லொறிக் கொம்பனிகள் அதற்கு முந்திய ஆண்டிலேயே பழைய வகை எஞ்சின்களை முண்டியடித்து வாங்கிக் குவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்புப் புதிய கனரக லொறிகளில் இடம்பெற்றது முதலாளிகளின் நெஞ்சு நெகிழ்ந்ததனாலன்று. 2015 நவம்பர் முதற் சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. சட்டம் தலையிட்ட பின்னரே அறம் கணக்கில் ஏறுகிறது.

கமெராவை எடுத்துக்கொள்வோம். சாரதி உறங்கிவிழுவதை அது கண்டுபிடிக்கும். நல்லதுதான், ஓர் உயிராவது தப்பும். ஆனால் அவர் ஏன் உறங்கிவிழுகிறார் என்று அது கேட்பதில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டவர், இரவு முழுதும் ஓட்டி வந்து, பகலிற் சரக்கிறக்கிவிட்டு, மறுபடி இரவிலே திரும்புவாரானால், அவரது கண்ணை எழுப்புவதற்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் செலவிடும் முதலாளி, இரண்டாவது சாரதி ஒருவரை அமர்த்த மறுப்பது எந்த நியாயம்? அமெரிக்காவில் 2017 டிசெம்பரில் ஓட்டுநேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி கட்டாயமாயிற்று. ஓட்டத்துக்கு 11 மணி நேரம் என்ற வரம்பை அது பொய்யின்றிக் காட்டும். எனினும் மைற்கணக்கிற் கூலி கொடுக்கும் வழக்கத்தை அது தொடவில்லை. மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்தில் இயந்திரத்துக்கென நீண்டதோர் அத்தியாயத்தை ஒதுக்கினார். இயந்திரம் வேறு, மூலதனம் அதனைப் பயன்படுத்தும் விதம் வேறு என்று அவர் அங்கே பிரித்துக் காட்டியது ஆலைத் தறிகளுக்கு மட்டும் உரியதன்று. அந்தச் சிறிய கமெராவுக்கும் உரியது.

சொந்தக்காரர் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பதும் தவறு. ஐம்பது லொறிகளை ஓட்டும் கொம்பனி ஒரு புறம். லீசிங் தவணைக்கு அஞ்சி அஞ்சி ஒரே லொறியைத் தாமே ஓட்டும் மனிதர் மறு புறம். வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ உள்ள அத்தகையவரிடம் சென்று, புதிய வகை எஞ்சினை வாங்கும் என்று உபதேசிப்பது எளிது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேதான் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்தாண்டும் அவர் தமது பழைய ரூபாய்த் தவணையையும் பழைய எஞ்சினையும் தாங்கியே காலம் கடத்தினார். புதிய எஞ்சினை ஆள்வது ஒரு கணினி. புகை கழுவும் யூரியாக் கரைசல் தீர்ந்துவிட்டால் அது எஞ்சினின் வலுவைத் தானே குறைத்துவிடும். பழுது எங்கே என்றறிய முகவரின் கருவி வேண்டும். தாம்போதிகளின் இருபுறமும் கடல்; உப்புக்காற்று கம்பியின் ஒவ்வொரு மூட்டையும் அரிக்கிறது. பழைய லேலண்டையோ டாட்டாவையோ மரநிழலில் நிறுத்திக் கழற்றிப் பூட்டிய நமது மெக்கானிக், இந்த எஞ்சினின் முன் கைகட்டி நிற்கவேண்டியவராகிறார். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லையெனில், அது யாருடைய பொருள்? அவரது தயக்கத்தை அறியாமை என்பவர் இதற்கு விடை சொல்லட்டும். லொறிச் சொந்தக்காரர் கூடிப் பொதுவானதொரு பழுதுபார்க்கும் நிலையம் அமைத்து, சோதனைக் கருவியைக் கூட்டாக வாங்கி, தீவுப் பகுதி இளைஞர் சிலரை அதிற் பயிற்றுவது இயலாத காரியமன்று. கூட்டுறவு நமக்குப் புதிய சொல்லுமன்று.

இனி, வீதி முடியும் இடத்துக்கு வருவோம். பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையைத் தாண்டி, வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவு சென்றால் குறிகட்டுவான் இறங்குதுறை. லொறிக்கு அதற்கப்பால் வழியில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் அரிசியும் சீமெந்தும் அங்கே படகுக்கு மாறவேண்டும். லொறி எத்துணை நவீனமாயினும் சரி, 50 கிலோ மூடை அங்கே ஒரு மனிதரின் தோளுக்கு வருகிறது. உலகின் உயர்ந்த பொறி நுட்பமெல்லாம் அந்த இறங்குதுறையோடு நின்று, எஞ்சிய தூரத்தைத் தொழிலாளியின் முதுகெலும்பு சுமக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் கொண்டு மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேற்படாத நெடுந்தீவில், அந்த மின்சாரத்தால் ஓடும் சிறு சரக்கு வண்டியைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆயினும் அங்கே பெரும் இலாபம் இல்லையாதலால் அதனை விற்க எவரும் விரைந்து வரப்போவதில்லை.

இறங்குதுறையில் ஒரு பாரந்தூக்கி வேண்டும் என்று நாம் எழுதினால் முதலில் எதிர்ப்பவர் யார்? அந்த மூடையைச் சுமப்பவரே. தோள் வலி போகும். கூடவே கூலியும் போகும். அவரது அச்சத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்குபவர் ஒருநாளேனும் அவரது அடுப்பை எண்ணிப் பார்த்தவரல்லர். பாரந்தூக்கி வரட்டும், ஆனால் அது ஒரு குத்தகைக்காரரின் உடைமையாக வரலாகாது. சுமைதொழிலாளரின் சங்கத்துக்குச் சொந்தமாக, இன்று மூடைக்கு எவ்வளவு கூலியோ அதே கூலியைச் சங்கத்துக்கு ஈட்டித்தருவதாக வரட்டும். வாங்கும் பணத்தை அரசாங்கம் கொடுக்கட்டும். தாம்போதியைக் கட்டுவது அரசாங்கத்தின் கடமையாயின், இதுவும் அக்கடமையின் தொடர்ச்சியே. எந்தக் கையில் மூடை இருந்ததோ அந்தக் கையிலேயே பொறியின் விசையும் இருக்குமானால், சங்கக் கூட்டத்திலே முதற் கையை உயர்த்துபவர் அந்தத் தொழிலாளியாகவே இருப்பார்.