குலுக்கையும் பதுக்கலும்

2020 மார்ச் 24, இரவு 8 மணி. நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடெங்கும் ஊரடங்கு என்று தலைமை அமைச்சர் அறிவித்தார். இடையே இருந்தவை நான்கே மணி நேரம். இன்றியமையாப் பொருள்கள் கிடைக்கும், அஞ்ச வேண்டாம் என்ற விளக்கம் பிறகு வந்தது. அச்சமோ விளக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை!

அந்த இரவில் இராசபாளையத்தில் இரு வீடுகளை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே! ஒன்று, மாடி வீடு. அறிவிப்பு முடியுமுன் அங்கிருந்து கார் புறப்படுகிறது. திரும்பி வரும்போது ஐந்து மூட்டை அரிசி, நான்கு டின் எண்ணெய், பருப்பும் சர்க்கரையும் பின்னிருக்கை நிறைய. மற்றொன்று, சத்திரப்பட்டிச் சாலையில் ஓர் ஓட்டு வீடு. மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளியின் குடில் அது. அன்று செவ்வாய், கூலி கைக்கு வருவது சனிக்கிழமை. பிறர் காயத்துக்குக் கட்டுத் தரும் அந்தக் கையிலே அன்றிரவு காசு இல்லை. கவலை மட்டுமே இருந்தது. கடனுக்குச் சொல்லிக் கடைக்கு அவர் போய் நின்றபோது, மூட்டை இருந்த இடத்தில் சாக்குதான் கிடந்தது.

மாடி வீட்டார் செய்தது முன்னெச்சரிக்கையா, பதுக்கலா? வீட்டில் உணவைச் சேர்த்து வைப்பது அறமா, அடாத செயலா?

இதற்கு இரண்டு விடைகள் நம் காதில் விழுகின்றன. "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், நாளையைப் பற்றி நமக்கேன் கவலை?" என்பது ஒன்று. "என் பணம், என் அரிசி, கேட்க நீ யார்?" என்பது மற்றொன்று. முதலாவது சோம்பலுக்குச் சூட்டிய திருநாமம். இரண்டாவது பேராசைக்குப் போட்ட சட்டை. பகுத்தறிவு இரண்டையும் ஏற்காது.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நம்பி வானத்தைப் பார்த்தவர்கள் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கில் மடிந்தனர். பாண்டவர்க்கு அட்சய பாத்திரம் கிடைத்தது என்கிறது புராணம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது என்கிறது காப்பியம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அழகான கற்பனை. பசித்தவன் கண்ட கனவு என்ற முறையில் அதை மதிக்கலாம். அடுப்பில் ஏற்ற முடியுமா?

நம் கரிசல் உழவன் அந்தப் பாத்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை. மேற்கே மலை, கிழக்கே மானாவாரிக் கரிசல் என்று கிடக்கும் இந்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மழை வந்தால் வாழ்வு, வராவிட்டால் வாட்டம் என்பதை அவன் அறிந்திருந்தான். மண்ணையும் வைக்கோலையும் குழைத்து, ஆளுயரத்துக்குக் குலுக்கை செய்தான். கம்பும் சோளமும் அதில் நிறைந்தன. வேப்பிலையும் நொச்சியிலையும் வண்டை விரட்டின. துவரை செம்மண் பூசிக் காய்ந்தது. மிதுக்கங்காயும் சுண்டைக்காயும் வற்றலாயின. கெடக்கூடிய பாலைச் சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சி இன்னும் சில நாள் காத்துக்கொள்ளும் திறத்தால்தானே திருவில்லிபுத்தூரின் பெயர் ஊரெல்லாம் இனிக்கிறது! இவை யாவும் வரம் கேட்டுப் பெற்றவை அல்ல; மனிதன் எண்ணிக் கண்டவை.

குலுக்கையும் சேர்த்து வைப்பதுதான். பதுக்கல்காரனின் கிடங்கும் சேர்த்து வைப்பதுதான். வேறுபாடு எங்கே? மூன்று கேள்விகள் அதைக் காட்டிவிடும்.

எப்போது சேர்த்தாய்? விளைச்சல் மிகுந்து விலை இறங்கிய காலத்தில் ஒரு படி கூடுதலாக வாங்கினால் யார் பங்கும் குறையாது. விளைவித்தவனுக்கும் விலை கிடைக்கும். தட்டுப்பாடு வந்த பின் அள்ளினால், நம் வீட்டில் ஏறும் ஒவ்வொரு மூட்டையும் பக்கத்து வீட்டு உலையிலிருந்து இறங்கிய மூட்டை. முன்கூட்டிச் சேர்த்தவன் நெருக்கடி நாளில் கடைக்கு வராமலிருக்கிறான். அந்த நாளில் அவன் ஊருக்குச் செய்யும் உதவியே அதுதான். செருமானிய அரசு 2016இல் பத்து நாள் உணவும் ஐந்து நாள் குடிநீரும் வீட்டில் வைத்திருக்குமாறு மக்களுக்குச் சொன்னது. சுவீடன் 2018இல் வீடுதோறும் கையேடு அனுப்பியது. அமைதி நாளில் அறிவோடு சேர்ப்பது குடிமக்களின் கடமை என்பதே அவற்றின் கருத்து.

எவ்வளவு சேர்த்தாய்? ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்று கொண்டால், நால்வருள்ள குடும்பத்துக்கு இரண்டு வாரத்துக்கு 22 கிலோ சொச்சம். நான்கு கிலோ பருப்பு, இரண்டு லிட்டர் எண்ணெய், உப்பு, புளி, வற்றல், மூடிய கலத்தில் குடிநீர். அதற்கு மேல் தேவையில்லை. உலை வைக்குமுன் நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைக்கும் பழக்கம் நம் தாய்மாரிடம் உண்டு. அந்தப் பிடியரிசியை மடத்துக்கும் கோயிலுக்கும் அளந்தார்கள். பிடி 50 கிராம் என்றால் ஓராண்டில் 18 கிலோ ஆகிறது. அந்தக் குடும்பத்துக்குப் பதினோரு நாள் சோறு! பழையதை முன்னே எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னே வைத்தால் எதுவும் வீணாகாது.

யாருக்காகச் சேர்த்தாய்? 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையைக் கேளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, டிசம்பர் 17 இரவு, ஏறத்தாழ 800 பயணிகளோடு திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நாற்புறமும் வெள்ளம். அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் அருகிலிருந்த புதுக்குடி மக்கள். தங்கள் ஊரே தண்ணீரில் மிதந்தபோது, வீட்டிலிருந்ததை எடுத்து வந்தனர். என்ன சாதி என்று கேட்டு இலை போடவில்லை. வீட்டுப் பானையில் அரிசி இல்லாதிருந்தால் அந்த நல்ல மனம் என்ன செய்திருக்கும்? இரக்கத்துக்கும் இருப்பு வேண்டும், தோழர்களே!

ஆனால், அரை வயிறு உண்பவனிடம் ஒரு பிடி எடுத்து வை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? விசைத்தறித் தொழிலாளியின் கேள்வி இன்னும் நிற்கிறது. 1943இல் வங்கத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டனர். பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டைவிட அப்போது அங்கே உணவு குறைவாக இல்லை என்று 1981இல் எடுத்துக்காட்டினார் அமர்த்தியா சென். கிடங்கில் தானியம் இருந்தது. உழைப்பவன் மடியில் அதை வாங்கும் வலிமை இல்லை. வீட்டில் குலுக்கை வைக்க வழியற்றவனுக்கு அரசின் கிடங்குதான் குலுக்கை, நியாயவிலைக் கடைதான் அதன் வாய். இராசபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை ஆட்சிக்குத் தலைமை தாங்கிய நாட்களில், பங்கீட்டைச் சலித்துக்கொள்ளாத வீடில்லை. வரிசையில் நிற்பது இழிவென்று நினைத்தார்கள். வரிசை இழிவன்று, இருப்பவனும் இல்லாதவனும் ஒரே அளவுக்கு உட்படும் இடம் அது. 2011 முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையின்றி அளக்கப்படுகிறது. அந்த அளவு குறையாமலும், எடை தப்பாமலும், பின்வாசல் வழியே மூட்டை நழுவாமலும் காப்பது, நம் வீட்டுப் பானையைக் காப்பதைவிடப் பெரிய கடமை.

குலுக்கைக்கு இரண்டு வாய். மேல்வாயில் கொட்டுவார்கள்; கீழே உள்ள துளையில் எடுப்பார்கள். கொட்டுவது உழைப்பு, எடுப்பது பகிர்வு. மேல்வாய் மட்டும் இருந்து கீழ்வாய் அடைபட்டுவிட்டால் அதற்குப் பெயர் குலுக்கை அல்ல, பதுக்கல். இன்று விளைச்சல் நாள்; கடையில் கூட்டமில்லை. இன்றே ஒரு பிடி எடுத்து வையுங்கள். வைக்கும்போதே, அடுத்த வெள்ளத்தில் அது யார் இலையில் விழ வேண்டும் என்பதையும் எண்ணி வையுங்கள்!