பயணம் போனவரும் வீட்டில் இருப்பவரும்

அல்ஹம்து லில்லாஹ்! எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



முன்பெல்லாம் நம் ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்களில் பலர் ரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கிருந்து கப்பலில் ஜித்தா போய்ச் சேர்ந்தார்கள். வழியனுப்பிய வீட்டாருக்கு அதன்பின் ஒரு கடிதம் வந்தால் பெரிது. அது வந்து சேரும்போது அதிலுள்ள செய்தி பல நாள் பழையதாகியிருக்கும். 1995-ஆம் ஆண்டோடு அந்தக் கப்பல் பயணமும் நின்றது. அரபு நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்களோ, ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதைப் போட்டுக் கேட்க வீடே கூடி உட்காரும்.

இன்று காலம் மாறிவிட்டது. ஹாஜியார் ஏறிய விமானம் எந்தக் கடலின் மேல் பறக்கிறது என்பதை வீட்டில் இருக்கும் பேரப்பிள்ளை கைப்பேசியில் பார்த்துச் சொல்கிறான். இறங்கியவுடன் வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. ஹரம் ஷரீபின் நேரடி ஒளிபரப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தவாபு செய்யும் அத்தனை கூட்டத்தில் தம் வாப்பாவின் முகம் தெரியாதா என்று தேடுகிற பிள்ளைகளும் உண்டு.

இப்படிப் பின்தொடர்ந்து பார்ப்பது தவறா? தவறில்லை. பாசம் உள்ள நெஞ்சு அதைத்தான் செய்யும். திருக்குர்ஆனின் கஸஸ் அத்தியாயத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது.

பிர்அவ்னின் வாளுக்கு அஞ்சிய நபி மூஸா (அலை) அவர்களின் தாயார், அல்லாஹ் உதிக்கச் செய்தபடி, பால் குடிக்கும் குழந்தையை ஆற்றில் விட்டார்கள். அதன்பின் அந்தத் தாயுள்ளம் வெறுமையாகிப் போயிற்று. அல்லாஹ் அவர்களின் இதயத்தை உறுதிப்படுத்தியிராவிட்டால், இரகசியத்தையே வெளியிட்டிருப்பார்கள் என்று திருமறை கூறுகிறது. அந்நிலையில் தம் மகளை அழைத்து, தம்பியைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும்படி அனுப்பினார்கள். அச்சிறுமியும் பிறர் அறியாவண்ணம் தூரத்திலிருந்தே கவனித்துக்கொண்டு சென்றாள்.

இதில் நமக்கு மூன்று படிப்பினைகள் இருக்கின்றன.

முதலாவது, முந்தியது எது, பிந்தியது எது என்பது. அந்தத் தாயார் பிள்ளையை முதலில் அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்கள். கண்காணிக்க ஆள் அனுப்பியது அதற்குப் பிறகு. நாமோ முதலில் கைப்பேசியிடம் ஒப்படைக்கிறோம், அது வாய் மூடிய பிறகுதான் "யா அல்லாஹ்!" என்கிறோம்.

இரண்டாவது, சகோதரி தான் கண்டதை ஊரெல்லாம் சொல்லித் திரியவில்லை. பார்த்தாள், வாயைக் காத்தாள். வாப்பா எந்த விடுதியில் தங்கியிருக்கிறார், உம்மாவுக்கு என்ன நோய், வீட்டில் யார் யார் இல்லை என்பதையெல்லாம் முன்பின் அறியாதார் நிறைந்த குழுக்களில் பரப்புகிறோமே, இது எந்த வகைப் பாசம்?

மூன்றாவது, அவள் வெறுமனே வேடிக்கை பார்க்கவில்லை. குழந்தை எந்தச் செவிலியிடமும் பால் குடிக்காதபோது தக்க சமயத்தில் முன்வந்து, நல்லதொரு குடும்பத்தைக் காட்டித் தரட்டுமா என்று கேட்டாள். அதன் மூலம் தம்பி தாய்மடிக்கே வந்து சேர்ந்தார். பார்க்கிற கண்ணுக்குப் பணிவிடை செய்கிற கையும் இருக்க வேண்டும்.

சகோதரர்களே! ஹாஜிகள் மினாவுக்கும் அரபாத்துக்கும் முஸ்தலிபாவுக்கும் செல்கிற நாட்களை எண்ணிப் பாருங்கள். இலட்சக்கணக்கானோர் ஒரே மைதானத்தில் நிற்கிறார்கள். அழைப்புக் கிடைக்காது, மின்னேற்ற வசதி இராது, முதியவருக்குக் கைப்பேசியை எடுத்துப் பார்க்கவே நேரம் இராது. இங்கே வீட்டில் ஒரு மணிக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். "நேற்று இரவுக்குப் பிறகு வாப்பா வாட்ஸ்அப்புக்கு வரவேயில்லையே!" என்று உம்மா சோறும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பயம் வெறும் பயமல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்கா ஹரமில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி பெறாமல் சென்று, தங்குமிடமும் நிழலும் இன்றி வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள். எத்தனையோ நாடுகளில் குடும்பத்தார் பதில் வராத எண்களை மீண்டும் மீண்டும் அழைத்தபடி, காணாமற்போனவரின் படத்தை வலைத்தளங்களில் போட்டுத் தேடினார்கள். ஆகவே, நம் பெரியவர்களை முறையான அனுமதியின்றி அனுப்பாமல் இருப்பதும், குழுத் தலைவரின் எண்ணையும் கூடார எண்ணையும் எழுதி வாங்கி வைப்பதும் தவக்குலுக்கு மாற்றமல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி அன்றோ நம் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள்!

ஆனால் கட்ட வேண்டியதைக் கட்டிய பிறகும் நெஞ்சு பதறினால் என்ன செய்வது? பயணம் புறப்படும்போது நாயகம் (ஸல்) அவர்கள் ஓதிய துஆவின் கருத்தை நினைவு கூருங்கள். பயணத்தில் துணைவனும் அல்லாஹ்வே; விட்டுவந்த குடும்பத்தைப் பார்த்துக் கொள்பவனும் அவனே என்று அதில் வருகிறது. மனிதர் எவரும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. போனவரோடும் இருந்து, இருப்பவரோடும் இருப்பவன் அவன் ஒருவனே. அரபாத்தில் கைப்பேசி அணைந்து போகலாம். அவனுடைய பார்வை அணைவதில்லை.

இனி, மிக முக்கியமானதொன்று. ஒரு முஸ்லிம் தன் சகோதரனுக்காக அவன் அறியாமல் மறைவில் துஆச் செய்தால், அதற்கென ஏற்படுத்தப்பட்ட மலக்கு ஆமீன் கூறி, உனக்கும் அவ்வாறே கிடைக்கட்டும் என்று சொல்வதாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. மறைவில் என்ற சொல்லைக் கவனியுங்கள்! இப்பொழுது நாம் கேட்கிற துஆக்கள் பெரும்பாலும் குழுவில் எழுதப்படுபவை. ஒருவர் 'ஆமீன்' என்று போட்டால் நாற்பது பேர் 'ஆமீன்' போடுகிறார்கள். எழுதியவர்களில் முஸல்லாவில் உட்கார்ந்து கையேந்தியவர் எத்தனை பேர்? எழுதுவது கூடாது என்பதல்ல. பயணியின் கண்ணில் படாமல், இரவின் கடைசிப் பகுதியில் அவர் பெயரைச் சொல்லி அழுவதும் இருக்க வேண்டும். திரையை நூறு தடவை திறந்து பார்த்தாலும் பயணியின் களைப்பில் ஓர் அணுவும் குறையாது. துஆ ஒன்றே கடல் கடந்து அவரிடம் போய்ச் சேரும் சாமான்.

நம் கண் அவருக்குப் பாரமாகவும் ஆகிவிடக் கூடாது. தவாபில் இருப்பவரை அழைத்து, "கஃபாவைக் காட்டுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று வற்புறுத்தினால், அவர் ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றுவார். கல்பு எங்கே நிற்கும்? ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்து அடைந்த அந்த ஏழு சுற்றை நமக்காகச் செலவழிக்கச் சொல்லலாமா? அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது; நாம் காலை ஆறு மணிக்கு அழைத்தால் அங்கே மூன்றரை. ஒரு நாளைக்கு ஒரு வேளை பேசுவோம் என்று முன்பே தீர்மானித்துக் கொள்வது இரு சாராருக்கும் நிம்மதி.

பிழைக்கப் போன மகனுக்கும் இது பொருந்தும். அவன் திரையில் சிரிக்கிறான். சம்பளம் வராததைச் சொல்வதில்லை. அவன் போட்ட படத்தில் இருக்கும் உயர்ந்த கட்டடத்தைப் பார்த்து, "மகன் நன்றாக இருக்கிறான்" என்று உம்மா இன்னொரு சீட்டுக்குப் பணம் கேட்கிறார். திரையில் முகம் தெரியும்; மனம் தெரியாது. "சாப்பிட்டாயா? தொழுதாயா? உனக்கு ஏதாவது கஷ்டமா, வாப்பா?" என்று தனியே கேளுங்கள்.

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு, ஹுதைபிய்யாவிலிருந்து மக்காவுக்குத் தூதாகச் சென்ற உஸ்மான் (ரலி) அவர்கள் திரும்பத் தாமதமானபோது, அவர்கள் கொல்லப்பட்டதாக வதந்தி பரவியது. பின்னர் அது பொய்யென்று தெரிந்தது. அன்று தோழர்களிடம் உறுதிமொழி வாங்கிய நாயகம் (ஸல்) அவர்கள், தம் ஒரு கரத்தை மற்றொன்றின் மீது வைத்து, இது உஸ்மானுக்காக என்றார்கள். இல்லாதவரின் இடத்தைத் தம் கரத்தாலேயே நிரப்பினார்கள்!

அதுவே நம் வேலையும். உறுதி தெரியாத செய்தியை ஒருவருக்கும் அனுப்பாமல், விசாரித்துத் தெளிய வேண்டும். வந்த செய்தியை விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். பயணம் போனவர் விட்டுச் சென்ற கடனைக் கேட்டு வருவோருக்குப் பதில் சொல்வதும், அவருடைய முதிய தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும், அவர் பிள்ளையைக் கைப்பிடித்து மக்தபுக்கு அழைத்துப் போவதும்தான் அவருடைய இடத்தை நிரப்புவது.

யா அல்லாஹ்! உன் பாதையில் புறப்பட்டவர்களையும், ஹலாலான ரிஸ்க்கைத் தேடிப் போனவர்களையும் உன் பாதுகாப்பில் வைப்பாயாக! அவர்களை எதிர்பார்த்திருக்கும் கண்களைக் குளிரச் செய்வாயாக! எவருடைய வருகை இனி இல்லையென்று நீ விதித்துவிட்டாயோ, அவர்களுடைய வீட்டாருக்கு அழகிய பொறுமையை அருள்வாயாக!

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!